உப்பு அடிவழியாக வரும்

கழிமுகத்தை ஒட்டிய நீரெடுப்பு நிலையத்தில், வாளியில் மொண்டெடுத்த மேல்தண்ணீரை நம்பக் கூடாது. கடல்நீர் லிட்டருக்குச் சுமார் 25 கிராம் கனம் கூடியது. ஆற்றில் வரத்து குறைந்ததும் நன்னீருக்கு அடியில் புகுந்து, படுகையை ஒட்டியே மேலேறும். மேலே நல்ல தண்ணீர் ஓடும்போதே அடியில் கரிக்கும். ஆகவே மேல், நடு, அடி என மூன்று மட்டங்களில் மாதிரி எடுக்க வேண்டும். பம்பின் உறிஞ்சுவாய் இருக்கும் மட்டத்தில் கட்டாயம் ஒன்று. உப்பு கூடக்கூடத் தண்ணீர் மின்சாரத்தை அதிகம் கடத்தும்; அதை அளக்கும் மின்கடத்துத்திறன் மானியை 1,413 மைக்ரோசீமென்ஸ் தரக்கரைசலில் சரிபார்த்துக்கொள்வது நல்லது. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அளவு ஏறக்குறைய 2 சதவீதம் கூடும். 25 டிகிரிக்குத் திருத்தாமல் குறித்தால் வெயில் ஏறியதுகூட உப்பு ஏறியதாகப் பதிவாகும்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடு உண்டு. 250-ஐத் தாண்டினாலே நாக்குக்குத் தெரியத் தொடங்கும். 98 லிட்டர் ஆற்றுநீரில் 2 லிட்டர் கடல்நீர் கலந்தால் 380 ஆகிவிடும். படிகாரமோ மணல்வடிகட்டியோ இதைத் தொடவே தொடாது. அதைவிட மோசம், கூடவே வரும் புரோமைடு: குளோரின் போட்டால் புரோமின் கலந்த ட்ரைஹாலோமீத்தேன்கள் உருவாகும், ஓசோன் செலுத்தினால் புரோமேட்; இரண்டுமே உடலுக்குக் கேடானவை. புரோமேட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான். குளோரைடு இரும்புக் குழாய்களை அரிக்கும், பழைய ஈய இணைப்புகளிலிருந்து ஈயத்தைக் கரைத்தும் விடும். மக்கள் புகார் சொல்வதென்னவோ சுவையைப் பற்றி மட்டும்தான்.

உப்பை வடிகட்ட முடியாத நிலையத்தில் கையில் இருப்பது நேரம் ஒன்றுதான். ஓதம் (கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவது) வற்றும்போது இறைத்து, ஏறும்போது நிறுத்த வேண்டும். இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நீர்மட்டம் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கியதும் பம்பைப் போட்டுவிடுவார்கள். பல கழிமுகங்களில் அதன் பிறகும் நீரோட்டம் மேல்நோக்கியே ஓடிக்கொண்டிருக்கும். அது திரும்பும்வரை உப்பும் ஏறும். பார்க்க வேண்டியது மட்டக்கோலை அல்ல, மானியை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் பெரிதாகும் என்பதால், அதற்கு முன்பே கரையோரத் தேக்கத்தை நிரப்பி வைப்பது நல்லது.

அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்பகுதியில் படுகையே கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. வரத்து வினாடிக்குச் சுமார் 8,500 கனமீட்டருக்குக் குறைந்தால் உப்பு மேலேறத் தொடங்கும். அமெரிக்க இராணுவப் பொறியாளர் படை 1988, 1999, 2012, 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் தூர்வாரிய வண்டலைக் கொண்டு ஆற்றின் அடியில் தடுப்புமேடு கட்டியது. வியட்நாமில் மேகாங் ஆற்றின் கழிமுகத்தில் நடப்பது நேர்மாறு: மணல் அள்ளி அள்ளிப் படுகை ஆழமாகி, உப்புக்கு வழி அகலமாகிவிட்டது.

ஆற்றை விட்டு போர்வெல்லுக்குப் போனாலும் தப்பிக்க முடியாது. கடலோரத்தில் நிலத்தடி நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டருக்கு நன்னீர் இருக்கும். இறைத்து அந்த மட்டத்தை அரை மீட்டர் இறக்கினால், காலப்போக்கில் உப்பு 20 மீட்டர் மேலே வரும். அதனால் ஆழமான ஒரே கிணற்றில் பெரிய மோட்டார் வைப்பதைவிட, ஆழம் குறைந்த பல கிணறுகளில் மெதுவாக இறைப்பதே சரி. ஆற்றில் ஏறிய உப்பை ஒரு வெள்ளம் சில நாட்களில் தள்ளிவிடும். மண்ணுக்குள் ஏறியது வெளியேறப் பல ஆண்டுகள் ஆகும்.