காற்றுக்கு விலையில்லை, கடனுக்கு வட்டி உண்டு

சூரிய ஒளியும் காற்றும் இலவசம் என்பதால், வெயில் மிகுந்த ஏழை நாடுகளே இவ்வகை மின்சாரத்தில் முன்னணியில் இருக்க வேண்டும் என்று எளிதாக எண்ணிவிடுகிறோம். ஆனால் எரிபொருள் செலவே இல்லாத இம்மின் நிலையங்களை நிறுவும்போதே பெரும்பகுதிப் பணத்தைப் போட்டாக வேண்டியிருப்பதால், பல நாடுகளில் வெயிலைவிட வங்கி வட்டியே மின்சாரத்தின் விலையைத் தீர்மானிக்கிறது. வெயில் குறைந்த ஜெர்மனி, 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே இவ்வகை மின்சாரத்துக்கு 20 ஆண்டுகளுக்கு நிலையான கொள்முதல் விலையை உறுதிசெய்ததும், உழவர்கள்கூட நம்பிக் கடன் வாங்கித் தொழுவக் கூரைகளில் சூரியத் தகடுகளைப் பொருத்தினர். அதன் சுமை 2022 வரை மின்கட்டணத்தில் கூடுதல் தொகையாகச் சாதாரண வீடுகளின் தலையிலும் விழுந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

டென்மார்க்கின் வழி எனக்கு இன்னும் பிடித்தமானது. கோபன்ஹேகனை ஒட்டிய கடலில் 2000ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மிடில்குருண்டனின் 20 காற்றாலைகளில் பாதியை, 8,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட கூட்டுறவுச் சங்கம் தன் உடைமையாக்கிக்கொண்டது. கண்ணெதிரே சுழலும் இறக்கையில் தனக்கும் பங்கு உண்டென்றால், அது காட்சியைக் கெடுக்கிறது என்று யார்தான் வழக்குத் தொடுப்பார்?

கென்யாவிலோ, 2007இல் தொடங்கிய எம்-பெசா கைபேசிப் பணச் சேவையின் துணையால், மின்கம்பி எட்டாத குடும்பங்கள் மண்ணெண்ணெய்க்குக் கொடுத்துவந்த சில்லறையையே தவணையாகச் செலுத்திச் சிறு சூரிய விளக்குத் தொகுப்புகளை வாங்க முடிந்தது. தவணை நின்றால் கருவியும் நின்றுவிடும்.