மூன்றாவது தடவை

நியூயார்க்கில் மேயரும் கவுன்சிலர்களும் தொடர்ந்து இரண்டு தடவைக்கு மேல் பதவியில் இருக்க முடியாது. 1993-ல் மக்களே ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த விதி. 1996-ல் கொஞ்சம் நீட்டிக்கலாமா என்று கேட்டபோதும் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள்.

2008-ல் வால் ஸ்ட்ரீட் ஆட்டம் கண்ட நேரம். மேயர் மைக்கேல் புளூம்பெர்க்குக்கு இரண்டாவது தடவை முடிய ஒரு வருஷம்தான் பாக்கி. நெருக்கடியில் அனுபவசாலி வேண்டும் என்று சொல்லி, மக்களிடம் போகாமல், கவுன்சிலிலேயே ஆதரவு 29, எதிர்ப்பு 22 என்று விதியை மாற்றி மூன்று தடவை ஆக்கிவிட்டார்கள். ஆதரித்த கவுன்சிலர்கள் பலருக்கும் அதே விதியால் பதவி போக இருந்தது. அடடா, என்ன பொதுநலம்!

விஷயம் கோர்ட்டுக்குப் போனது. வழக்குப் போட்டவர்களில் கவுன்சிலர்கள் பில் டி பிளாசியோவும் லெட்டீஷியா ஜேம்ஸும் உண்டு. மக்கள் இரண்டு முறை சொன்னதை கவுன்சில் அழித்தால் அந்த ஓட்டுக்கு என்ன மதிப்பு என்பது அவர்கள் வாதம். மக்கள் ஓட்டால் வந்த சட்டமும் கவுன்சில் போட்ட சட்டமும் ஒரே தரம்தான், ஒன்றை மற்றொன்று மாற்றலாம் என்று 2009 ஜனவரியில் நீதிபதி சார்லஸ் சிஃப்டன் சொல்லிவிட்டார். ஏப்ரலில் அப்பீலும் தோற்றது. சட்டப்படி சரியாகவே இருக்கட்டும், எனக்கு இன்னும் உறுத்துகிறது.

நவம்பரில் புளூம்பெர்க் சொந்தப் பணம் 10 கோடி டாலருக்கு மேல் கொட்டி, ஐந்து சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்தார். 2010-ல் மக்கள் மறுபடி ஓட்டுப் போட்டு இரண்டு தடவை என்றே ஆக்கினார்கள். அடுத்த மேயர் யார் தெரியுமா? வழக்குப் போட்ட அதே டி பிளாசியோ.