‘அவர்’ என்பது ‘தேவரீர்’ ஆகிற இடம்

வேதாகமத்தின் இருபத்துமூன்றாம் சங்கீதம் தெரியாத கிறிஸ்தவ வீடு நம் பக்கத்தில் அபூர்வம். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற சங்கீதம் அது. அப்படி ஒப்பித்தே பழகிவிட்டதால் அதன் நடுவில் நடக்கிற ஒரு காரியம் பலருக்குக் கண்ணில் படுவதில்லை.

முதல் மூன்று வசனங்களில் தாவீது கடவுளைப் பற்றிப் பேசுகிறார். அவர் என்னை மேய்க்கிறார், அவர் என் ஆத்துமாவைத் தேற்றுகிறார், அவர் என்னை நடத்துகிறார். நாலாம் வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு வருகிறது. உடனே பேச்சு திரும்புகிறது: “தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்.” புல்வெளியில் ‘அவர்’ என்று இருந்தவர் இருட்டுக்குள் வந்ததும் ‘தேவரீர்’, அதாவது எதிரே இருப்பவரை மரியாதையோடு அழைக்கிற ‘நீர்’, ஆகிவிடுகிறார். பள்ளத்தாக்கு ஏன் வந்தது, எவ்வளவு நீளம், அப்பால் என்ன இருக்கிறது என்று ஒரு விளக்கமும் அந்த வசனத்தில் இல்லை. பக்கத்தில் நடக்கிறவரிடம் பேசுவது மட்டும்தான் இருக்கிறது.

மரணப் படுக்கையில் இருப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்த ஒன்றைத்தான். அந்தக் கட்டிலருகே கடவுளைப் பற்றிப் பேசுவதைக் குறைத்து, கடவுளிடம் பேசுங்கள்.

நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர் எதிர். ஆறு பேர் சேர்ந்து போய்க் கட்டிலைச் சுற்றி நிற்கிறோம். ஒருவர் பரலோகத்தை வர்ணிக்கிறார், இன்னொருவர் சுகம்பெற்ற சாட்சி சொல்கிறார். மூன்றாமவர் “விசுவாசத்தை மட்டும் விட்டுவிடாதீங்க” என்கிறார். படுத்திருப்பவர் எல்லாவற்றுக்கும் தலையசைப்பார். ஆனால் பயம் வெளியே சொல்ல முடியாததாகிவிடும், ஏனென்றால் பயந்தால் விசுவாசம் இல்லை என்று அர்த்தமாகிவிடுமே! இது பெரிய அநியாயம். சிலுவைக்கு முந்தின இரவில், கெத்செமனே தோட்டத்தில், இயேசுவே தம் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருப்பதாகச் சொன்னார். சீஷர்களிடம் அவர் கேட்டதும் பிரசங்கம் அல்ல. “என்னோடேகூட விழித்திருங்கள்” என்றுதான் கேட்டார். பயத்தை வாய்விட்டுச் சொல்வது பாவம் இல்லை என்று நோயாளியிடம் நேரடியாகவே சொல்லிவிடலாம். சொன்ன மறுநிமிடமே முகம் தளர்வதைப் பார்க்கலாம்.

போகும்போது இரண்டு பேர் போதும். நாற்காலியை இழுத்துப் போட்டு, படுத்திருப்பவரின் கண்மட்டத்துக்கு உட்காருங்கள். நின்றுகொண்டு ஜெபித்தால் அவருக்குத் தெரிவது உங்கள் தாடையும் மின்விசிறியும்தான். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பேசுவதற்கு முன் கையைப் பிடியுங்கள். சிலருக்குத் தோலே வலிக்கும், அதனால் இறுக்காமல், உங்கள் உள்ளங்கையின் மேல் அவர் கை கிடக்கும்படி வையுங்கள். விலக்கிக்கொள்ள நினைத்தால் அவரால் முடிய வேண்டும்.

வாசிப்பதற்கு நீண்ட பகுதி எதுவும் வேண்டாம். இருபத்துமூன்றாம் சங்கீதத்தின் ஆறு வசனங்களை நிறுத்தி வாசித்தால் இரண்டு நிமிடம் ஆகும். அவர் சின்ன வயதில் படித்த பழைய மொழிபெயர்ப்பிலேயே வாசியுங்கள். புதிய மொழிபெயர்ப்பு எளிமையாக இருக்கலாம், ஆனால் ‘தாழ்ச்சியடையேன்’ என்று நாக்கில் ஊறிப்போனவருக்கு அது வேறு யாருடைய சங்கீதமோ போலக் கேட்கும். ஒவ்வொரு வரிக்கும் பிறகு ஒரு மூச்சு இடைவெளி விடுங்கள். பேச்சு நின்றுபோனவர்களின் உதடுகூட அந்த இடைவெளியில் அடுத்த சொல்லுக்கு அசைவதுண்டு. அப்போது நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.

ஜெபமும் அதே அளவுதான். நாலைந்து வாக்கியம், அவருடைய பெயரோடு, மெல்லிய குரலில். ஒலிபெருக்கிக்குப் பழகிய குரல் நோயாளியின் அறையில் அடிபோல விழும். இன்னொன்று, “நாளைக்கே எழுப்பிவிடும் ஆண்டவரே” என்று நாள் குறித்து ஜெபிக்க வேண்டாம். நாளைக்கு எழும்பாவிட்டால், கடவுளும் கைவிட்டார் என்ற எண்ணத்தோடு அந்த மனிதர் தனியாகக் கிடப்பார். சுகத்துக்காகக் கேளுங்கள், கூடவே “எது நடந்தாலும் நீர் இவரோடே இரும்” என்றும் கேளுங்கள்.

பயம் உச்சத்துக்குப் போவது ராத்திரியில். வீடு தூங்கிவிடும், பார்க்க ஒன்றும் இருக்காது, தன் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். அறையை முழு இருட்டாக்காமல் ஒரு சின்ன விளக்கை எரியவிடுங்கள். கையெட்டும் தூரத்தில் ஒருவர் படுக்கட்டும். கூப்பிடக் குரல் வராதவருக்கு ஒரு எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும் பக்கத்தில் இருந்தால் போதும், தட்டினால் எழுந்துகொள்ளலாம். ஒருவரே எல்லா இரவும் விழித்தால் மூன்றாம் நாள் எரிச்சல் வந்துவிடும். சபையிலிருந்து ஆள் மாற்றி வையுங்கள், பத்திலிருந்து இரண்டு வரை ஒருவர், இரண்டிலிருந்து ஆறு வரை இன்னொருவர். சபைக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது.

நடுராத்திரியில் நெஞ்சு படபடத்தால் மூச்சோடு சேர்த்துச் சொல்ல ஒரு வரி பழக்கிக்கொடுங்கள். உள்ளே இழுக்கும்போது மனதுக்குள் ‘தேவரீர்’, வெளியே விடும்போது ‘என்னோடேகூட இருக்கிறீர்’. வெளிமூச்சுக்கு நீளமான சொற்களை வைத்ததற்குக் காரணம் உண்டு. மெதுவாக நீட்டி விடும் மூச்சு இதயத் துடிப்பைத் தணிக்கும். மூச்சுத்திணறல் உள்ளவரை இதற்குக் கட்டாயப்படுத்தக் கூடாது. மூச்சைக் கவனிக்கச் சொன்னாலே அவருக்குப் பயம் ஏறும். அவருக்காக நீங்கள் சொல்லுங்கள், அவர் கேட்டால் போதும்.

எல்லாப் பயத்தையும் ஆவிக்குரியது என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். வலியும் மூச்சுத்திணறலும் பயமாகவே வெளியே வரும். தலைமாட்டை உயர்த்தி, ஜன்னலைத் திறந்து, டேபிள் ஃபேன் காற்று முகத்தில் படும்படி வைத்தாலே பலருக்குத் திணறல் குறையும். வலி இருந்தால் வலிதணிப்பு மருத்துவரைக் கூப்பிடுங்கள். மருத்துவர் சொன்ன அளவில் மார்ஃபின் எடுப்பது விசுவாசக் குறைவு அல்ல. வலியில் துடிக்கிறவரால் ஒரு வசனத்தைக்கூடக் கேட்க முடியாது.

சிலரை அலைக்கழிப்பது மரணம் அல்ல, முடிக்காமல் விட்ட காரியம். சாகும் நிலையில் கிடந்த யூதா ராஜா எசேக்கியாவிடம் வந்த செய்தியே “வீட்டுக்காரியத்தை ஒழுங்குபடுத்தும்” என்றுதான் தொடங்கியது. பத்திரம் எங்கே இருக்கிறது, யாருக்குக் கடன் கொடுக்க வேண்டும், பேசாமல் போன தம்பியைக் கூப்பிடலாமா என்று மெதுவாகக் கேளுங்கள். நோயின் நிலையை அவரிடம் மறைத்துவிட்டால் இந்தப் பேச்சுக்கே வழி இல்லாமல் போகும்.

திருவிருந்து கேட்டால் தள்ளிப்போடாமல் அன்றைக்கே சபைப் போதகரான ஐயரிடம் சொல்லுங்கள். விழுங்கச் சிரமம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், அப்பத்தைத் திராட்சரசத்தில் நனைத்த ஒரு சின்னத் துணுக்காகக் கொடுப்பார்.

கடைசி மணிநேரங்களில் மூச்சு விட்டு விட்டு வரும், தொண்டையில் கரகரப்புக் கேட்கும். சளியும் எச்சிலும் தேங்குவதால் வரும் சத்தம் அது. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் கொஞ்சம் அடங்கும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். ஈரப்பஞ்சால் உதட்டையும் நாக்கையும் நனைத்தால் போதும். காது கேட்கிறது என்று எண்ணியே பேசுங்கள். சடங்குச் செலவு, வண்டி ஏற்பாடு எல்லாம் வெளியே போய்ப் பேச வேண்டியவை. உள்ளே இருப்பவர் “உமது கையில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்” என்ற முப்பத்தோராம் சங்கீதத்தின் வரியை அவர் சார்பில் அவ்வப்போது சொல்லட்டும். சிலுவையில் இயேசு சொன்னதும் இந்த வரியைத்தான்.

மூச்சு நின்ற பிறகு அவசரம் ஒன்றும் இல்லை. போனை எடுப்பதற்கு முன், பிடித்திருந்த கையை விடாமல், வீட்டாரைச் சுற்றி உட்கார வைத்து இருபத்துமூன்றாம் சங்கீதத்தை இன்னொரு முறை வாசியுங்கள். இந்த முறை அது அந்த அறையில் மிஞ்சியிருப்பவர்களுக்கு.