கடுகு ஏன் கண்ணக் கரிக்குது?

ஞாயித்துக்கிழமை வெள்ளரிக்கா பச்சடிக்கு தேங்கா, பச்சமொளகாயோட வறுக்காத கடுக அரைச்சேன். மிக்ஸி மூடியத் தொறந்ததுதான் தாமதம், மூக்குல சுர்ருன்னு ஏறி கண்ணு ரெண்டும் கலங்கிடுச்சு. டப்பால இருக்கறப்ப அந்தக் கடுகுக்கு ஒரு வாசனையும் கிடையாது, கவனிச்சிருக்கீங்களா?

கடுகு, முள்ளங்கி, கோஸ், ப்ராக்கோலி எல்லாம் ஒரே குடும்பம். இதுங்களுக்குள்ள குளுக்கோசினோலேட்னு ஒரு கந்தகச் சரக்கு ஒரு பக்கமும், மைரோசினேஸ்னு ஒரு என்சைம் வேற பக்கமும் தனித்தனியா இருக்கும். பூச்சி கடிச்சாலோ நாம அரைச்சாலோதான் ரெண்டும் கலக்கும், கலந்த உடனே அந்தக் காரம் பொறக்கும். அதாவது பூச்சியத் தொரத்த செடி வச்சிருக்கற விஷம் அது, நாம அத ருசின்னு சாப்பிடறோம்.

ப்ராக்கோலில வர்றதுக்குப் பேரு சல்ஃபோராஃபேன். அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் யுனிவர்சிட்டில பால் தலாலேயோட குழு 1992ல பிரிச்செடுத்தாங்க. 1997ல அவங்களே, மூணு நாள் முளையில இதோட மூலப்பொருள் முத்தின செடிய விட 10லேருந்து 100 மடங்கு இருக்குன்னு காட்டினாங்க.

எனக்குப் புடிச்ச எடம் இனிமேதான். ஆன்டிஆக்ஸிடன்ட்னாலே அது நேரா போயி கெட்ட மூலக்கூற அடிச்சுப் போடும்னு நெனச்சிட்டிருந்தேன், இதையும் அந்த லிஸ்ட்லதான் சேப்பாங்க, ஆனா சல்ஃபோராஃபேன் அப்படி பெருசா ஒண்ணும் அடிக்கறதில்ல. நம்ம செல்லுக்குள்ள நர்ஃப்-2ன்னு ஒரு புரோட்டீன் இருக்கு, கீப்-1னு இன்னொண்ணு அத புடிச்சு குப்பைக்கு அனுப்பிட்டே இருக்கும், சாதாரணமா ஒரு நர்ஃப்-2 அரை மணி நேரம் தாங்கினாலே பெருசு. கீப்-1 மேல சிஸ்டீன்னு கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் இருக்கு, அதுல சல்ஃபோராஃபேன் போய் ஒட்டிக்கும், ஒட்டினதும் கீப்-1ஆல குப்பைக்கு அனுப்ப முடியாது, புதுசா வர்ற நர்ஃப்-2 எல்லாம் சேந்து நியூக்ளியஸுக்குள்ள போயி ஜீன்கள ஆன் பண்ணும். குளூட்டத்தயோன்னு செல்லோட சொந்த ஆன்டிஆக்ஸிடன்ட்ட தயாரிக்கற என்சைம், நச்ச வெளியேத்தற என்சைம்னு ஒரு படையே கெளம்பும். சின்ன விஷத்தப் பாத்து செல் பயந்து போயி தன் கதவையெல்லாம் தானே பூட்டிக்குது, அவ்ளோதான். அந்த என்சைம்கள் சல்ஃபோராஃபேன் உடம்ப விட்டுப் போனப்புறமும் கொஞ்ச நாள் வேல செய்யும்.

அதுக்காக நெறைய சாப்பிட்டா நெறைய நல்லதுன்னு கெளம்பிடாதீங்க. சில நுரையீரல் புற்றுநோய்ல கீப்-1 ஜீனே கெட்டுப்போயி நர்ஃப்-2 எப்பவும் ஆன்லயே கெடக்கும், அந்தப் பாதுகாப்பு கேன்சர் செல்லுக்கே கவசமாயிடுது, கீமோவையும் தாங்கிக்குது. மாத்திரையா தர்ற ஆன்டிஆக்ஸிடன்ட் கதையும் சுமார்தான், ஃபின்லாந்துல சிகரெட் புடிக்கறவங்களுக்கு பீட்டா கரோட்டின் குடுத்துப் பாத்தா நுரையீரல் புற்றுநோய் கூடிப்போச்சுன்னு 1994ல ரிசல்ட் வந்துது.

சமையலுக்கு வர்றேன். கொதிக்கற சூட்டுல மைரோசினேஸ் செத்துப்போயிடும், அதனால நாம ஆசையா தாளிக்கற கடுகுல இந்த வேலைக்கு ஆகறது ஒண்ணுமில்ல, வாசனை மட்டும் மிச்சம். ப்ராக்கோலிய நறுக்கி அரை மணி நேரம் வச்சிட்டு அப்புறம் வேக வைக்கலாம், இல்ல வெந்து எறக்கினப்புறம் வறுக்காத கடுகுப் பொடிய ஒரு சிட்டிகை தூவிட்டா அந்த என்சைம் இதுக்கு ஒதவும். நான் நேத்து தூவினேன், அம்மா ஒரு வாய் வச்சிட்டு "என்னடா இது, கசக்குது"ன்னு தட்டத் தள்ளி வச்சிட்டாங்க. பச்சடி மட்டும் ரெண்டு தடவ போட்டுக்கிட்டாங்க.