பாசிக்கு மேல் ஒரு சாண் தண்ணீர்: பெம்பிரிட்ஜில் பாஸ் பிடித்துப் பார்த்த பருவம்

இங்கிலாந்தின் ஐல் ஆஃப் வைட் தீவின் கிழக்கு மூலையில் இருக்கிறது பெம்பிரிட்ஜ். நான் போர்ட்ஸ்மத்வாசி. ஃபெர்ரியில் தீவிலிருக்கும் ரைடு ஊருக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்தால் போய்விடலாம். கடல் வற்றும்போது கரையிலிருந்து சுண்ணாம்புப் பாறை தட்டுத் தட்டாக வெகுதூரம் வெளியே தெரியும். அதன்மேல் முழுக்கப் பாசி. ஈயம் கட்டி அடித்தூண்டில் போடுகிறவர்கள் இந்தப் பக்கம் வருவதில்லை, போட்டது திரும்பி வராது. ஆனால் பாஸ் என்கிற கடல்மீன் மேய வருவது இங்கேதான். பாசிக்குள் நண்டு, இறால், இடுக்குகளில் சின்னச் சின்ன மீன்கள் என்று தீனிக்குக் குறைவில்லை. முழங்கால் அளவு தண்ணீர் ஏறினாலே மீன் உள்ளே வந்துவிடும்.

ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை இந்த ஒரே இடத்தில், எடை குறைந்த லூர்களை, அதாவது செயற்கை இரைகளை, மட்டும் வைத்து வீசிப் பார்த்தேன். கருவி சாதாரணம்தான்: 7 முதல் 28 கிராம் வரை வீசக்கூடிய 9 அடி ராடு (தூண்டில் கம்பு), 3000 அளவு ரீல், 15 பவுண்டு பிரெய்டு (பின்னல் நூல்), அதன் நுனியில் எஃப்ஜி என்ற முடிச்சில் கட்டிய ஒன்றரை மீட்டர் ஃப்ளூரோகார்பன் லீடர் (நுனி நூல்). இங்கிலாந்தில் கடலில் தூண்டில் போட லைசன்ஸ் தேவையில்லை, நன்னீருக்குத்தான் வேண்டும்.

முதலில் ஆழம் போகாத வகை பிளாஸ்டிக் மீன்களைப் போட்டுப் பார்த்தேன். 30 செ.மீ.தான் மூழ்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும். பாசிக்கு மேலே இருப்பதே 20 செ.மீ. தண்ணீர் என்றால் அந்தக் கணக்கு எதற்கு உதவும்? வயிற்றில் தொங்கும் மும்முனை முட்கள் இரண்டும் போகிற வழியெல்லாம் அள்ளிக்கொண்டு, கீரைக்கட்டாகத் திரும்பி வந்தன. மேலே மிதந்து வாலை ஆட்டிக்கொண்டு வரும் லூர்கள் தேவலை. மீன் வந்து அடிப்பதைக் கண்ணால் பார்க்கிற சுகம் வேறு எதிலும் இல்லை. ஆனால் அறுந்து மிதக்கும் பாசித் துண்டுகள் இருக்கிற நாளில் அதுவும் ஆகாது.

கடைசியில் நிலைத்தது குச்சி வடிவ மென்பிளாஸ்டிக் லூர்தான். ஆறங்குல நீளம், உப்பு கலந்து வார்த்தது, அதனால் ஈயமே இல்லாமல் வீசுவதற்கு வேண்டிய கனம் அதற்குள்ளேயே இருக்கும். இதில் முள் ஏற்றுவதுதான் வித்தை. அகல வளைவுள்ள ஒற்றை முள்ளைக் குச்சியின் மூக்கில் அரை சென்டிமீட்டர் குத்தி, பக்கவாட்டில் வெளியே எடுத்து, ஒரு திருப்புத் திருப்பி, வயிற்றுப் பக்கம் செருகி முதுகு வழியாக முழுசாக வெளியே கொண்டுவர வேண்டும். அப்புறம் முனையை மட்டும் முதுகுத் தோலுக்குள் ஒரு மயிரிழை ஆழத்துக்குத் திரும்பச் செருக வேண்டும். விரலால் தடவினால் முனை தட்டுப்படக் கூடாது. மீன் வாயை மூடினால் வெளியே வந்துவிடவும் வேண்டும். குச்சி நேராகக் கிடக்கிறதா என்று கையில் தொங்கவிட்டுப் பார்ப்பது அவசியம். கொஞ்சம் வளைந்திருந்தாலும் தண்ணீரில் சுழன்று சுழன்று வரும், நூல் முறுக்கிக்கொள்ளும்.

இன்னும் கொஞ்ச தூரம் போகட்டுமே என்று வயிற்றில் 3.5 கிராம் ஈயம் வைத்த முள்ளையும் போட்டுப் பார்த்தேன். தூரம் கூடியது, மீன் கூடவில்லை. ஈயம் இல்லாத குச்சி படுத்தவாக்கில் மெதுவாக இறங்கும். ரீலை இரண்டு சுற்றுச் சுற்றி நிறுத்தினால், பாசி நுனியைத் தொடுவதற்குள் அடுத்த சுற்றுக்கு நேரம் இருக்கும். அந்த நிறுத்தத்தில்தான் பெரும்பாலும் கடி விழுகிறது. ஈயம் வைத்தால் நிறுத்தவே முடியாது. இந்த மாதிரி இடத்தில் தூரத்துக்காகக் கனம் சேர்ப்பது வீண் என்பது என் கட்சி. மீன் காலடியில் இருக்கும்போது அறுபது மீட்டர் எதற்கு?

கனம் குறைந்தால் காற்றுதான் எஜமான். பக்கக்காற்று பிரெய்டை வில்லாக வளைத்து, அந்த வளைவே லூரைப் பாசிக்குள் இழுத்துப் போய்விடும். ராடு நுனியைத் தண்ணீரை ஒட்டித் தாழ்த்திப் பிடித்தால் ஓரளவு சமாளிக்கலாம். பெம்பிரிட்ஜ் கிழக்கே பார்த்த கரை என்பதால் இங்கே வழக்கமாக அடிக்கும் தென்மேற்குக் காற்று முதுகுப் பக்கம் வந்துவிடுகிறது. வீசவும் தோது, கடலும் தட்டையாகக் கிடக்கும். கிழக்குக் காற்று என்று வானிலை அறிக்கை சொன்னால் நான் ஃபெர்ரி டிக்கெட்டே எடுப்பதில்லை. தண்ணீர் கலங்கி, பாசி வேரோடு பிய்ந்து வரும்.

ஓதம், அதாவது கடல் ஏறி வற்றும் நேரம், பார்ப்பது அடுத்த பாடம். முழு வற்றத்தில் பாசி மேலேயே சுருண்டு கிடக்கிறது, வீச இடம் கிடையாது. ஏற்றம் தொடங்கிய பிறகு பாறைத் தட்டுகளுக்கு இடையே இருக்கும் வாய்க்கால்கள் முதலில் நிரம்பும், மீனும் அந்த வழியாகத்தான் உள்ளே வரும். வாய்க்காலின் ஓரத்தை ஒட்டி, நீரோட்டத்துக்குக் குறுக்கே வீசினால் நல்லது. போர்ட்ஸ்மத் பக்கம் ஏற்றம் சுமார் 7 மணி நேரம் இழுக்கும், வற்றம் 5 மணி நேரத்தில் முடிந்துவிடும். அதனால் ஏற்றத்தில் நிதானமாக நின்று வீசலாம். ஒன்று மட்டும் கவனம்: முதுகுக்குப் பின்னால் இருக்கும் வாய்க்கால் நமக்கு முன்னாலேயே நிரம்பிவிடும். பெம்பிரிட்ஜ் லைஃப்போட் (மீட்புப் படகு) நிலையம் கண்ணெதிரே கடலுக்குள் நிற்கிறது என்பதற்காக அவர்களுக்கு வேலை வைக்க வேண்டியதில்லை.

ஜூனில் வேறொரு தொல்லை வந்தது. வயர்வீட் என்ற ஜப்பானியப் பாசி. பிரிட்டனில் இது முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டதே இந்தப் பெம்பிரிட்ஜில்தான், 1973இல். கையாலேயே பிடுங்கிப் பார்த்தார்கள், அது அடங்கவில்லை. சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்களால் நீர்மட்டம் வரை எழுந்து, கோடை முழுக்க வாய்க்கால்களை அடைத்துக்கொள்கிறது. மற்ற பாசிக்கு மேலே தப்பிக்கிற குச்சியும் இதில் நூலோடு சிக்கும். அந்த மாதங்களில் பாறைத் தட்டின் வெளிவிளிம்புக்கு நகர்ந்து, அதன் ஓரமாக மட்டும் வீசினேன்.

கடி விழும் விதம் பற்றிச் சொல்ல வேண்டும். சில நாள் ராடையே பிடுங்குகிற மாதிரி அடிக்கும். பல நாள் நூலில் ஒரு டிக், அவ்வளவுதான். உடனே சுண்டி இழுத்தால் குச்சி வாயிலிருந்து நழுவி வரும். தொய்வைச் சுற்றி எடுத்து, கனம் தெரிந்த பிறகு பக்கவாட்டில் ஒரு இழுப்பு. மாட்டியதும் ராடை உயர்த்தித் தலையை மேலே கொண்டுவர வேண்டும், விட்டால் நேராகப் பாசிக்குள் புகுந்துகொள்ளும். புகுந்துவிட்டால் மல்லுக்கட்டாமல், நூலை விறைப்பாக வைத்துக் கொஞ்சம் காத்திருந்தால் பல சமயம் தானே வெளியே வருகிறது. கையில் எடுக்கும்போது முதுகு முள்ளைவிடச் செவுள் மூடியின் விளிம்புதான் ஆபத்து. பிளேடு கெட்டது போங்கள், அவ்வளவு கூர்மை.

நான் பிடித்ததில் பாதிக்கு மேல் 42 செ.மீ.க்குக் கீழ்தான், எல்லாம் தண்ணீருக்கே திரும்பின. 2015 வரை 36 செ.மீ. இருந்தால் எடுத்துக்கொள்ளலாம், இப்போது 42. அந்த அளவை எட்டவே மீனுக்கு ஆறேழு வயதாகிவிடும் என்பதால் இந்த விதியில் எனக்குக் குறையில்லை. ஒரு நாளைக்கு எத்தனை எடுக்கலாம் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பரில் வயர்வீட் உதிர்ந்து வாய்க்கால்கள் மறுபடி திறந்தன. இனி இரவு வேளை. வெள்ளைக் குச்சியை, துடிப்பே கொடுக்காமல், ரீலை நகர்கிறதா இல்லையா என்கிற வேகத்தில் சுற்றிப் பார்க்கப் போகிறேன். தலைவிளக்குக்கு மாற்று பேட்டரியும் வாங்கியாயிற்று.