வெட் ரூம் போடுகிறீர்களா? முதலில் தரைக்கு அடியில் எவ்வளவு உயரம் இருக்கிறது என்று பாருங்கள்

பிரிட்டனில் மாடி பாத்ரூமில் இருக்கும் பாத் டப்பை எடுத்துவிட்டு, வயதான அம்மா அப்பாவுக்காக வெட் ரூம் (படி, தடுப்பு இல்லாமல் தரையிலேயே ஷவர் தண்ணீர் வடியும் குளியலறை) போட நினைப்பவர்கள் முதலில் டைல்ஸ் கடைக்குத்தான் போகிறார்கள். அதற்கு முன் ஒரு தரைப்பலகையைக் கழற்றி உள்ளே டேப் வைத்துப் பாருங்கள். வேலை நடக்குமா நடக்காதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

டப்புக்கு அடியில் ட்ராப் (கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி வைத்துச் சாக்கடை வாடையைத் தடுக்கும் வளைவு) மாட்டத் தாராளமாக இடம் இருந்தது. கழிவுக் குழாயும் பல வீடுகளில் தரைக்கு மேலேயே ஓடிச் சுவரைத் துளைத்து வெளியே போயிருக்கும். வெட் ரூமில் தண்ணீர் தரை மட்டத்திலேயே இறங்குகிறது, அதனால் அந்தப் பழைய குழாய் பெரும்பாலும் உதவாது. ட்ராப், குழாய், வாட்டம் மூன்றும் தரைப்பலகைக்கும் கீழ்வீட்டு சீலிங்குக்கும் நடுவே அடங்கியாக வேண்டும்.

இங்கிலாந்தின் கட்டட விதிகளில் வடிகாலுக்கான வழிகாட்டியான அப்ரூவ்ட் டாக்குமென்ட் எச் சொல்லும் அளவுகள் இவை: ஷவருக்குக் குறைந்தது 40 மி.மீ. குழாய், ட்ராப்பில் 50 மி.மீ. தண்ணீர் நிற்க வேண்டும், வாட்டம் மீட்டருக்கு 18 முதல் 90 மி.மீ. தனியாகக் காற்றுக்குழாய் வைக்காவிட்டால் 40 மி.மீ. குழாயை 3 மீட்டருக்கு மேல் இழுக்கக் கூடாது, 50 மி.மீ. என்றால் 4 மீட்டர் வரை போகலாம். இதை மீறினால் ஓடும் தண்ணீர் ட்ராப்பில் நிற்கும் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போகும். ‘கடகட’ என்று சத்தம் வரும், அடுத்து சாக்கடை வாடை வரும்.

ஒரு கணக்கு. தரைப்பலகையைத் தாங்கும் உத்திரம் 200 மி.மீ. உயரம். ட்ராப்பிலிருந்து வெளிவரும் குழாயின் அடிப்பாகம் உத்திரத்தின் மேல்மட்டத்திலிருந்து 100 மி.மீ. கீழே இருக்கிறது. ஸ்டாக், அதாவது எல்லாக் கழிவும் இறங்கும் செங்குத்துக் குழாய், 2.4 மீட்டர் தள்ளி. 2.4 × 18 = 43. ஸ்டாக்கை அடையும்போது குழாயின் அடி 143 மி.மீ. கீழே, சீலிங்குக்கு மேல் 57 மி.மீ. மிச்சம். அதே கணக்கு 150 மி.மீ. உத்திரத்தில் வெறும் 7 மி.மீ.தான் விடும், குழாயைப் பிடித்து நிறுத்தக் கிளிப் போடக்கூட இடம் இருக்காது.

இந்தக் கணக்கு குழாய் உத்திரங்களுக்கு இணையாக ஓடினால் மட்டுமே. குறுக்கே போவதென்றால் கதை வேறு. உத்திரத்தில் துளை அதன் உயரத்தில் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது, நடுக்கோட்டில்தான் இருக்க வேண்டும், இரு தாங்குசுவர்களுக்கு இடையிலான நீளத்தில் ஏதாவது ஒரு முனையிலிருந்து 0.25 முதல் 0.4 பங்குக்குள் விழ வேண்டும். 4 மீட்டர் நீளமென்றால் 1 மீட்டருக்கும் 1.6 மீட்டருக்கும் நடுவே. ஷவரோ சுவரோரம் இருக்கும்! எல்லாத் துளையும் நடுக்கோட்டில் என்றால் வாட்டமும் கிடைக்காது. மேலிருந்து வெட்டலாம் என்றாலும் எட்டில் ஒரு பங்கு, அதாவது 200 மி.மீ. உத்திரத்தில் 25 மி.மீ. மட்டுமே; வெளிவிட்டம் 43 மி.மீ. உள்ள ‘40’ குழாய் அதில் உட்காராது. ஆகவே குறுக்கே போகாதீர்கள். உத்திரங்களுக்கு நடுவிலேயே ஓட்டி அருகிலுள்ள வெளிச்சுவரைத் துளைத்து, வெளியே ஸ்டாக்கில் சேர்ப்பதே நல்லது. அதற்கும் வழியில்லையென்றால் கழிவுநீரை உறிஞ்சி வெளியேற்றும் வேஸ்ட் பம்ப். தரையை உயர்த்திப் படி வைத்தால் வெட் ரூம் போட்ட நோக்கமே போய்விடும்.

உயரம் போதவில்லை என்று 20, 30 மி.மீ. தண்ணீர் மட்டுமே நிற்கும் தட்டை ட்ராப்பை வாங்காதீர்கள். சில நாள் புழங்காமல் விட்டால் வற்றிவிடும். ஹெப்வோ மாதிரித் தண்ணீர் இல்லாத சவ்வு வால்வு ஒரு நல்ல மாற்று. அதன் மேலுள்ள அம்புக்குறி தண்ணீர் போகும் திசையைப் பார்க்க வேண்டும், பிற்பாடு பழுது பார்க்கக் கை எட்டும் இடத்தில் வால்வு இருக்க வேண்டும். எந்த ட்ராப் போட்டாலும் உள்பாகம் மேலிருந்தே கழன்று வரட்டும். இல்லையென்றால் முடி அடைத்த அன்று கீழ்வீட்டு சீலிங்கைத்தான் உடைக்க வேண்டும்.

கடையில் ‘40’ என்று விற்கும் இரண்டு குழாய்களும் ஒன்றல்ல. பசை போட்டு ஒட்டும் வகை வெளிவிட்டம் 43 மி.மீ., அழுத்திச் செருகும் வகை ஏறக்குறைய 41. ஒன்றின் ஜாயின்ட்டில் மற்றதைத் திணித்தால் முதலில் பிடிப்பது போல இருக்கும், பிறகு கசியும். தரைக்குள் மறையும் இடத்தில் பசை போட்டு ஒட்டுவதே சரி. 90 பாகை எல்போவுக்குப் பதில் இரண்டு 45 பாகை பெண்டு போடுங்கள். ஸ்டாக்கில் டாய்லெட் குழாய்க்கு நேர் எதிரே, அதன் மையத்திலிருந்து 200 மி.மீ. கீழ் வரை சேர்க்கக் கூடாது. ஃப்ளஷ் செய்த தண்ணீர் ஷவர் குழாய்க்குள் ஏறும்.

வடிகால் வாங்கும்போது தரைக்கு டைல்ஸா வினைலா என்று முடிவு செய்திருக்க வேண்டும். வினைலுக்கு அதன் ஓரத்தை இறுக்கிப் பிடிக்கும் வளையம் உள்ள வடிகால் தனி. டைல்ஸ் என்றால் நீர்க்காப்புப் பூச்சு வடிகாலின் விளிம்பின் மேல் வரை வந்து ஒட்ட வேண்டும், சுவர் மூலைகளில் நீர்க்காப்பு டேப் அவசியம். வாட்டம் ஏற்கெனவே செதுக்கி வரும் ஷவர் தரைப்பலகையின் நான்கு ஓரத்துக்கும் அடியில் உத்திரங்களுக்கு இடையே குறுக்குக் கட்டை அடியுங்கள். பலகை துளி அசைந்தாலும் முதலில் விரிசல் விடுவது வடிகாலைச் சுற்றியுள்ள கிரவுட்தான் (டைல்ஸ் இடுக்கை நிரப்பும் கலவை).

பலகையை மூடும் முன், வடிகாலில் ஒரு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றி, ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் அடியில் உலர்ந்த டிஷ்யூவை ஒற்றிப் பாருங்கள். நீர்க்காப்பு காய்ந்ததும் வடிகாலை அடைத்துத் தண்ணீர் தேக்கி, ஒரு இரவு விட்டு, கீழ்வீட்டு சீலிங்கைப் பார்த்த பிறகு டைல்ஸ் ஒட்டச் சொல்லுங்கள்.