ரிங் வருது, நம்பர் வரலை

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ஆஸ்பத்திரி, லாட்ஜ், ரப்பர் கடை, பள்ளிக்கூடம் எங்கே போனாலும் பழைய இன்டர்காம் பாக்ஸ் ஒன்று சுவரில் தொங்கும். மூன்று வெளி லைன், உள்ளே எட்டு எக்ஸ்டென்ஷன் போன். பேசுவதில் ஒரு குறையும் இருக்காது. திடீரென்று ஒரு நாள் முதல் வெளியிலிருந்து கூப்பிடுகிறவர்களின் நம்பர் திரையில் விழாது. "பாக்ஸ் பழசாயிட்டு, மாத்திருங்க" என்பதுதான் உடனே கிடைக்கும் யோசனை. தயவுசெய்து அதற்குள் மாற்றிவிடாதீர்கள். ரிங் ஒழுங்காக வந்து, பேச்சும் இரைச்சலில்லாமல் கேட்டால், பெரும்பாலும் கோளாறு செட்டிங்கில் இருக்கும், இல்லையென்றால் ஏதோ ஒரு ஜாயின்டில் இருக்கும்.

நம்பர் எந்த இடத்தில் தொலைகிறது என்று முதலில் பிடிக்க வேண்டும். லைனில் நம்பர் வரும் முறைகள் எஃப்எஸ்கே, டிடிஎம்எஃப் என்று இரண்டு (விவரம் கீழே); இரண்டையும் படிக்கக்கூடிய சாதாரண டிஸ்பிளே போன் ஒன்று போதும். பேட்டரி போடும் மாடல் என்றால் புது பென்சில் பேட்டரி போடுங்கள். பேட்டரி இறங்கினால் மணி அடிக்கும், நம்பர் மட்டும் வராது. வெளி லைனைப் பாக்ஸிலிருந்து கழற்றி, இந்தப் போனில் நேராகக் கொடுத்து, மொபைலிலிருந்து அடியுங்கள். இங்கேயே நம்பர் வரவில்லை என்றால் பாக்ஸைத் திறக்க வேலையே இல்லை. கூப்பிடுகிறவரின் நம்பரைக் காட்டும் காலர் ஐடி வசதி அந்த லைனுக்குப் போடப்பட்டிருக்கிறதா என்று சேவை கொடுப்பவரிடம் கேளுங்கள். நம்பர் வந்தால் லைனைப் பாக்ஸில் திரும்ப மாட்டிவிட்டு, ரிசப்ஷனில் உள்ள கீபோனை (பாக்ஸுக்கென்றே உள்ள, திரையும் நிறைய பட்டனும் வைத்த போன்) பாருங்கள். கீபோனில் வந்து சாதா எக்ஸ்டென்ஷனில் வராவிட்டால், பாக்ஸ் நம்பரை வாங்கிவிட்டது, கீழே கொடுக்கவில்லை என்று அர்த்தம். எக்ஸ்டென்ஷன் புரோகிராமில் அந்தப் போர்ட்டுக்குக் காலர் ஐடி ஆன் ஆகியிருக்கிறதா, எந்த முறையில் அனுப்புகிறது என்று பாருங்கள். "பிரைவேட்" என்றோ "அவுட் ஆஃப் ஏரியா" என்றோ விழுந்தால் அது உங்கள் பக்கக் கோளாறே இல்லை. அந்த அழைப்பு நம்பர் இல்லாமலேதான் வந்திருக்கிறது.

இனி முக்கியமான சங்கதிக்கு வருவோம். நம்பர் லைனில் இரண்டு விதமாக வரும். நம்மூர்ச் செம்புக் கம்பி லைன்களில் அதிகம் புழங்கியது டிடிஎம்எஃப். லைனின் பிளஸ், மைனஸ் ஒரு தடவை புரளும், உடனே பட்டன் அமுக்கும் அதே சத்தத்தில் இலக்கங்கள் வரிசையாக வரும், அதற்குப் பிறகுதான் முதல் மணி. எஃப்எஸ்கே அப்படியல்ல. முதல் மணி அடித்து ஓய்ந்ததும், அடுத்த மணிக்கு முன்னுள்ள இரண்டு வினாடி இடைவெளியில் நம்பர் ஒரே வீச்சில் வந்துவிடும். லைன்மேன் வைத்திருக்கும் டெஸ்ட் போனை மானிட்டரில் (லைனை எடுக்காமல் கேட்க மட்டும் செய்யும் நிலையில்) போட்டுக் காதில் வைத்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்: மணிக்கு முன்னால் "டுட் டுட் டுட்" என்று பத்துப் பதினொரு சத்தம் ஓடினால் டிடிஎம்எஃப், முதல் மணிக்குப் பின்னால் ஃபேக்ஸ் மாதிரி "கிர்ர்" என்று ஒரு துண்டு மட்டும் கேட்டால் எஃப்எஸ்கே.

ஃபைபருக்கு மாறிய பிறகு நம்பர் போய்விட்டது என்று சொல்லும் இடங்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். இப்போது லைன் எக்ஸ்சேஞ்சிலிருந்து வருவதில்லை, ஃபைபர் மோடத்தின் போன் போர்ட்டிலிருந்து வருகிறது. மோடம் பெரும்பாலும் எஃப்எஸ்கேயில் அனுப்பும். பாக்ஸோ பழைய வழக்கப்படி டிடிஎம்எஃப் வரும் என்று காத்துக்கொண்டிருக்கும். பாக்ஸ் புரோகிராமில் ஒவ்வொரு டிரங்குக்கும் (வெளி லைனுக்கும்) காலர் ஐடி வகை தனித்தனியாக இருக்கும். மாறிய லைனுக்கு மட்டும் மாற்றுங்கள், எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிட்டால் மிச்சமிருக்கும் செம்பு லைனிலும் நம்பர் போய்விடும். பாக்ஸுக்கு எஃப்எஸ்கே தெரியாது என்றால், மோடத்தில் டிடிஎம்எஃப் வைத்துத் தரும்படி ஃபைபர் கொடுத்தவரிடம் கேளுங்கள். இன்னொன்று: சில பாக்ஸ்களில் காலர் ஐடி தனி கார்டு. மூன்று லைனுக்கு ஒரு கார்டு என்றிருக்கும்போது, புது லைனை நாலாவது போர்ட்டில் மாட்டினால் எந்தச் செட்டிங் மாற்றியும் பலன் இல்லை.

எஃப்எஸ்கேக்கு மாறியதும் வேறொரு தொல்லையும் கூடவே வரும். ரிசப்ஷனில் இருப்பவர் முதல் மணியிலேயே எடுத்துப் பழகியிருப்பார். எடுத்த நொடியில் நம்பர் வரும் வழி அடைபட்டுவிடும். இரண்டாவது மணிக்கு எடுத்தால் நம்பர் வருகிறது, முதல் மணிக்கு எடுத்தால் வரவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம், காரணம் இதுதான். அழைப்பைத் தானாக எடுக்கும் ஆட்டோ அட்டெண்டன்ட் போட்டிருந்தால் இரண்டு மணிக்குப் பிறகு எடுக்கும்படி வையுங்கள்.

நம்பரின் முதல் இலக்கம் மட்டும் விழுங்கப்பட்டு 94430 என்பது 4430 என்று வந்தால், டிடிஎம்எஃப் தொடங்கும்போது பாக்ஸ் தாமதமாக விழிக்கிறது. பிளஸ், மைனஸ் புரள்வதை ஒரு பக்கமாக மட்டும் உணரும் பழைய கார்டுகள் உண்டு. லைன் வயர் இரண்டையும் இடம் மாற்றி மாட்டிப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. மணி அடிக்கும்போது லைனில் 75 வோல்ட் அளவுக்கு ஏசி ஓடும், வெறுங்கையால் கம்பியைப் பிடிக்காதீர்கள்.

ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது, நடு இலக்கம் தப்பாக விழும் என்றால் அது செட்டிங் அல்ல. நம் மாவட்டத்தில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. குளச்சல், முட்டம், கன்னியாகுமரி ஓரம் கடல் காற்று வேறு. சுவரில் லைன் வந்து சேரும் ரோசெட் பெட்டியைத் திறந்தால் ஸ்க்ரூவைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கும். பேச்சு அதைத் தாண்டி வந்துவிடும், நம்பர் வராது. காதுக்குக் கொஞ்சம் கரகரப்பு பெரிய விஷயமில்லை, ஆனால் எஃப்எஸ்கேயில் ஒரு துளி கெட்டாலும் பாக்ஸ் மொத்த நம்பரையும் தள்ளிவிடும். களிம்பு பிடித்த நுனியை வெட்டி எறிந்து, புதிதாக உரித்து மாட்டுங்கள்; சுரண்டி மாட்டினால் அடுத்த மழைக்குத் தாங்காது. செம்பு லைனில் போன் வைத்த நிலையில் மீட்டர் 48 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். பாக்ஸைக் கழற்றிய பிறகும் முப்பத்தைந்துக்குக் கீழே நின்றால் வழியில் எங்கோ கசிவு. கழற்றினால் சரியாகி, மாட்டினால் இறங்குகிறது என்றால் டிரங்க் கார்டில் உள்ள மின்னல் தடுப்பு பாதி அடிபட்டிருக்கும். இடி மின்னலுக்குப் பிறகு தொடங்கிய கோளாறு என்றால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். எர்த் கம்பியும் சேர்த்துப் பாருங்கள், எர்த் இல்லாமல் அந்தத் தடுப்பால் பிரயோஜனம் இல்லை.

நம்பர் விழுந்த பிறகும் ஒரு புகார் வரும்: போனின் லாகில் (வந்த அழைப்புகளின் பட்டியலில்) உள்ள நம்பரை அமுக்கினால் கால் போகவில்லை, ரிசப்ஷனில் மணி அடிக்கிறது. பல பாக்ஸ்களில் 9 ஆபரேட்டர், 0 வெளி லைன். 9-இல் தொடங்கும் மொபைல் நம்பரை அப்படியே அடித்தால் முதல் இலக்கத்திலேயே ஆபரேட்டருக்குப் போய்விடும். அதோடு, 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு முன்னால் ஒரு 0 சேர்க்க வேண்டும். ஆக வெளி லைனுக்கு ஒரு சைபர், மொபைலுக்கு ஒரு சைபர், பிறகு பத்து இலக்கம். வரும் நம்பருக்கு முன்னால் தானாகச் சேர்க்கும் வசதி பாக்ஸில் இருந்தால் 00 என்று வையுங்கள். ஆனால் லேண்ட்லைன் நம்பர் 04652 என்றோ 04651 என்றோ சைபரோடு விழுந்தால் அதற்கு முன்னால் ஒரு சைபர் போதும். தானாகச் சேர்த்தால் அங்கே ஒன்று கூடிவிடும், அந்த நம்பர்களைக் கையால்தான் அடிக்க வேண்டும்.